பனிமலையில் கண்ணைக் காப்பது எப்படி? மதுரையிலிருந்து கிளம்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் கண்ணாடிக் கடைகளுக்குப் புதுக் கூட்டம் ஒன்று வரும். பள்ளி விடுமுறைக்கு மணாலியும் காஷ்மீரும் போகும் குடும்பங்கள், கேதார்நாத்தில் நடை திறந்ததும் கிளம்பக் காத்திருப்பவர்கள், 108 திவ்ய தேசங்களில் விட்டுப்போன முக்திநாத்தை இந்த ஆண்டாவது சேவித்துவிடத் துடிக்கும் பெரியவர்கள், மோட்டார் சைக்கிளில் லடாக் போகும் கல்லூரிப் பிள்ளைகள். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கம்பளிக் கையுறை எல்லாவற்றையும் யோசித்து யோசித்து வாங்குகிறார்கள். கண்ணுக்கு மட்டும், ரயில் ஏறும் நாளில் அவசரமாக ஒரு கூலிங் கிளாஸ். கண்ணாடித் தொழிலில் இருக்கும் எனக்கு இது உண்மையான கவலை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விரிவாக விடை எழுதுகிறேன்.

மதுரை வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். பனிமலையின் இளவெயில் எங்களை என்ன செய்துவிடும்?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைக்க வேண்டும். ஏனென்றால் பனியில் கண்ணைக் கெடுத்துக்கொள்பவர்களில் பலரும் இந்தத் துணிச்சலோடுதான் போகிறார்கள்.

சித்திரை வெயில் கடுமையானது, மறுக்கவில்லை. ஆனால் அது உச்சியிலிருந்து வருகிறது. நெற்றி மேடு, புருவம், இமை என்று கண்ணுக்கு மேலே இயற்கையே கூரை போட்டிருக்கிறது. ஒரு தொப்பியோ தலைமேல் போட்ட துண்டோ மீதியைத் தடுத்துவிடும். காலுக்குக் கீழே இருப்பது தார்ச்சாலை, செம்மண், வயல். மண்ணும் புல்லும் தங்கள் மேல் விழும் புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. தனுஷ்கோடி போன்ற காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காட்டைத் திருப்பும். புதிதாக விழுந்த பனியோ 80 விழுக்காடு வரை திருப்பிவிடும். ஆக, பனிமேல் நிற்கும்போது உங்களுக்கு மேலே ஒரு சூரியன், கீழே இன்னொரு சூரியன். கீழிருந்து வரும் கதிருக்குப் புருவமும் தடையில்லை, தொப்பியும் தடையில்லை.

அடுத்தது உயரம். ஆயிரம் மீட்டர் மேலே போகப் போக, புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடிக்கொண்டே போகிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரைச் சற்றே தாண்டிய ஊர். மணாலிக்கு மேலே இருக்கும் ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். கேதார்நாத் 3,583, அமர்நாத் குகை 3,888. லடாக்கின் கார்துங் லா 5,359 மீட்டர். உயரம் கூட்டுவதையும் பனி திருப்புவதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இவற்றைவிட ஆபத்தான இன்னொன்று உண்டு. மதுரையில் வெயில் கூடினால் உடம்பு சொல்லிவிடும். வியர்க்கும், தலை சுற்றும், நிழலைத் தேடி ஓடுவோம். புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது, அது கண்ணுக்கும் தெரியாது. பனிமலையில் உடம்பு குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும். வெயில் சுகமாக இருக்கும். கண் வெந்துகொண்டிருப்பதை யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

கண்ணுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

கண்ணின் முன்பகுதியில் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பது கருவிழி. அதன் மேல்தோல் புற ஊதாக் கதிரை, குறிப்பாக 'யுவி பி' என்ற வகையை, உறிஞ்சிக்கொள்கிறது. அளவு மீறும்போது அந்த மேல்தோலின் செல்கள் செத்து உதிர்கின்றன. அதன் அடியில் நரம்பு நுனிகள் அடர்த்தியாக இருக்கின்றன. மேல்தோல் போனதும் அவை வெளியே தெரியும். இமைக்கும் ஒவ்வொரு முறையும் இமை அவற்றின்மேல் உரசும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். நீர் கொட்டும், இமை வீங்கும், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. இதைத்தான் பனிக்குருடு என்கிறார்கள்.

இந்த நோய் நம் ஊருக்கு அந்நியமானதல்ல. கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறையில் முகமூடி இல்லாமல் வேலை பார்த்த பையன் ராத்திரி தூங்க முடியாமல் துடிப்பானே, அது இதே நோய்தான். அங்கே கதிர் மின்பொறியிலிருந்து வருகிறது, இங்கே பனியிலிருந்து.

பனியில் நின்றபோது ஒன்றும் தெரியவில்லை, ராத்திரிதான் வலி தொடங்கியது என்கிறார்களே?

ஆமாம், அதுதான் இதன் வஞ்சகம். கதிர் பட்டு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்தே பெரும்பாலும் வலி தொடங்கும். மத்தியானம் பனியில் விளையாடிவிட்டு, சாயங்காலம் கீழே இறங்கி, சாப்பிட்டுப் படுத்த பிறகு, நடு இரவில் விழிப்பு வரும். 'கண் கூசினால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்' என்பது அதனால்தான் உதவாத திட்டம். கூச்சத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது. வண்டியிலிருந்து பனியில் கால் வைக்கும் முன்பே கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டும்.

பழக்கப்பட்டவர்களே இதில் சிக்கியிருக்கிறார்கள். 1924 ஜூன் 4 அன்று எவரெஸ்ட்டில் ஆக்சிஜன் உதவியின்றி 8,570 மீட்டர் வரை ஏறிய எட்வர்ட் நார்ட்டன், வழியில் பாறைப் பகுதியில் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அன்று இரவே பார்வை போனது. இரண்டு நாட்களுக்கும் மேல் அவரால் எதையும் பார்க்க முடியவில்லை. பிறகு பார்வை திரும்பியது.

டிசம்பரில் போனால்தானே பனி அதிகம்? மே மாதம் போகிறவர்களுக்கு ஆபத்து குறைவா?

தலைகீழ். டிசம்பரில் இமயமலையில் சூரியன் தாழ்வாகச் சாய்ந்து போகும், பகலும் குறுகியது. மே, ஜூன் மாதங்களில் சூரியன் உச்சிக்கு அருகில் வருகிறது, வானம் தெளிவாக இருக்கிறது, ரோதாங், சோஜி லா போன்ற உயரங்களில் பனியும் மீதி இருக்கிறது. நம் பிள்ளைகளின் விடுமுறை சரியாக அந்த நாட்களில்தான் வருகிறது. கேதார்நாத் நடை திறப்பதும் அப்போதுதான். மே மாதப் பனி பழசாகி அழுக்குப் படிந்திருந்தால் கொஞ்சம் குறைவாகத் திருப்பும் என்பது உண்மை. ஆனால் முந்தின இரவில் புதுப்பனி விழுந்திருந்தால் அந்தச் சலுகையும் போயிற்று.

எந்த மாதமானாலும் காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை உள்ள நேரம்தான் கடுமையானது. சுற்றுலா வண்டிகள் பனிக்கு அழைத்துப்போவதும் அதே நேரத்தில்தான்.

மேகமூட்டமாக இருந்தால் கழற்றிவிடலாமா?

கூடாது. மெல்லிய மேகம் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அப்படியே உள்ளே விட்டுவிடும். மேகத்துக்கும் பனிக்கும் இடையே கதிர் மேலும் கீழும் சிதறி எல்லாத் திசையிலிருந்தும் கண்ணுக்கு வரும். வெளிச்சம் மங்கியிருப்பதால் கண் பாப்பா வேறு அகலமாகத் திறந்திருக்கும்.

எப்படிப்பட்ட கண்ணாடி வாங்க வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டியது 'யுவி 400' என்ற குறிப்பு. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிர் முழுவதையும் அந்த லென்ஸ் தடுக்கும் என்று பொருள். இது இல்லாத கண்ணாடியை எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது கறுப்பின் அளவு. கூலிங் கிளாஸ்களை 0 முதல் 4 வரை கேட்டகிரி என்று பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் கேட்டகிரி லென்ஸ் வெளிச்சத்தில் 8 முதல் 18 விழுக்காட்டை உள்ளே விடும். நான்காவது 3 முதல் 8 விழுக்காடுதான் விடும். மணாலி, குல்மார்க், சோன்மார்க் என்று வண்டியில் போய் ஓரிரு மணி நேரம் பனியில் இருந்து வருகிறவர்களுக்கு மூன்றாம் கேட்டகிரி போதும். பனிப்பாளத்தில் நாள் முழுக்க நடப்பவர்கள், கைலாய வலத்தில் 5,600 மீட்டரைத் தாண்டும் டோல்மா கணவாய் ஏறுகிறவர்கள், மலையேற்றப் பயிற்சிக்குப் போகிறவர்கள் நான்காவதை வாங்கலாம். ஒரு எச்சரிக்கை: நான்காம் கேட்டகிரி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. லடாக் போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சாலையில் பள்ளமும் தெரியாது, சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் எதுவுமே தெரியாது.

மூன்றாவது, என் கணக்கில் மிக முக்கியமானது, வடிவம். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் கதிர் வருகிறது என்று சொன்னேன் அல்லவா? முகத்தில் படியாமல் தள்ளி நிற்கும் கண்ணாடியின் இடுக்கு வழியாக அது தாராளமாக நுழையும். சின்ன வட்ட லென்ஸ், மூக்கு நுனியில் நிற்கும் ஃபேஷன் கண்ணாடி எல்லாம் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் போட்டோ எடுக்கச் சரி, பனிக்குச் சரிவராது. முகத்தைச் சுற்றி வளைந்து வருவதாக, பக்கத் தடுப்பு உள்ளதாக, கன்னத்தோடு ஒட்டி உட்காருவதாக இருக்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது குனிந்து தரையைப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே தரை எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவும் பனியில் கதிர் நுழையும் வாசல்.

பிரேம் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது. கடுங்குளிரில் உலோக பிரேம் மூக்கையும் நெற்றிப்பொட்டையும் கடிக்கும். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருந்தால் கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. அந்தப் பொருளுக்கே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் இயல்பும் உண்டு. கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒன்றாவது உபரிக் கண்ணாடி வேறு பையில் இருக்கட்டும்.

பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் நடைபாதையில் விற்கும் கண்ணாடி போதாதா? அதுவும் கறுப்பாகத்தானே இருக்கிறது?

கறுப்புக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் தொடர்பே இல்லை. நிறமே இல்லாத வெள்ளை லென்ஸ்கூட முழுத் தடுப்பு உள்ளதாக இருக்கலாம். கரிக்கட்டை போன்ற லென்ஸ் கதிரை உள்ளே விடலாம். தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸ் வெறுங்கண்ணைவிடக் கெடுதல் செய்யக்கூடும். வெளிச்சம் குறைந்ததும் கண் பாப்பா விரியும், கூச்சம் இல்லாததால் கண்ணைச் சுருக்கவும் மாட்டோம். கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

மலிவானதெல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. விலை குறைந்த கண்ணாடியிலும் நல்ல தடுப்பு இருக்கலாம், விலை கூடியதில் வெறும் பெயர் மட்டுமே இருக்கலாம். 'யுவி 400' என்ற ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதுதான் சிக்கல். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் புற ஊதா அளக்கும் சிறு கருவி இருக்கிறது. கையில் இருக்கும் கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வேறு இடத்தில் வாங்கியது என்று கூச்சப்பட வேண்டாம், கேளுங்கள்.

போலராய்டு நல்லதா, வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி நல்லதா?

போலராய்டு லென்ஸ் தரையிலிருந்து பட்டுத் தெறிக்கும் பளபளப்பைக் குறைத்துப் பார்வைக்குச் சுகம் தரும். ஆனால் அது வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செல்போன் திரை சில கோணங்களில் கறுப்பாகத் தெரியும் என்பதையும் தெரிந்து வாங்குங்கள். பனியில் உறைந்து கண்ணாடியான இடத்தின் பளபளப்பும் இதில் மறையும். வழுக்கும் இடம் எது என்று அடையாளம் காண அந்தப் பளபளப்பு தேவைப்படும் என்பதால் பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் சிலர் போலராய்டைத் தவிர்க்கிறார்கள்.

தானாகக் கறுக்கும் லென்ஸ் குளிரில் மதுரையைவிட நன்றாகவே கறுக்கும். இருந்தாலும் சாதாரண பவர் பிரேமில் போட்டால் பக்கமும் கீழும் திறந்தே கிடக்கும். ஒரே கண்ணாடியாக இதை மட்டும் நம்பிப் பனிக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

நான் பவர் கண்ணாடி போடுபவள். மேலே கூலிங் கிளாஸ் எப்படிப் போடுவது?

மூன்று வழிகள். பவர் கண்ணாடியின் மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய கூலிங் கிளாஸ் கிடைக்கிறது. பக்கமும் மறைக்கும், விலையும் அதிகமில்லை, ஒரு முறை போய் வருபவர்களுக்கு இதுவே போதும். பவர் கண்ணாடியோடு போடும்படி உள்ளே இடம் விட்டுச் செய்த பனி காகிள்ஸ் இரண்டாவது. வளைந்த பிரேமில் பவரோடு கறுப்பு லென்ஸ் செய்துகொள்வது மூன்றாவது. அதற்கு நேரம் பிடிக்கும், பயணத்துக்கு முந்தின வாரம் வந்து நிற்காதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மேலே எந்தக் கூலிங் கிளாஸும் போடலாம். 'என் லென்ஸிலேயே யுவி தடுப்பு இருக்கிறது' என்று சிலர் சொல்வார்கள். அது கருவிழியை மட்டும்தான் மூடுகிறது. வெள்ளை விழியும் இமையும் திறந்தே இருக்கின்றன. உயரத்தில் காற்று மிகவும் வறண்டிருக்கும், லென்ஸ் ஒட்டிக்கொள்ளும். கண்ணீர் போன்ற சொட்டு மருந்தும் ஒரு ஜோடி பவர் கண்ணாடியும் உடன் இருக்கட்டும்.

குழந்தைகளுக்கும் வேண்டுமா? போட்டால் கழற்றி எறிந்துவிடுகிறானே?

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குத்தான் முதலில் வேண்டும். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிகவும் தெளிவானது. புற ஊதாக் கதிரைக் கூடுதலாக விழித்திரை வரை விட்டுவிடும். உயரமும் குறைவு, பனியிலேயே உருண்டு புரளும். திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைக் கண்ணாடி எந்த வகையிலும் ஆகாது.

கழற்றி எறிவதற்கு மருந்து ஒன்றுதான்: வீட்டிலேயே பழக்குவது. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே சாயங்காலம் மொட்டை மாடியில் விளையாடும்போது போட்டுவிடுங்கள். காதில் மாட்டுவதைவிட, தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை உள்ளது நிற்கும். கைக்குழந்தையை வெயில் நேரத்தில் பனிக்கு எடுத்துப்போகாமல் இருப்பதே நல்லது.

அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. முக்திநாத் அழைத்துப் போகலாமா?

ஆபரேஷன் முடிந்து கண் ஆறி, மருத்துவர் சரி என்று சொல்லிவிட்டால் கண்ணைப் பொறுத்தவரை தடையில்லை. இப்போது உள்ளே பொருத்தும் லென்ஸ்கள் பெரும்பாலும் புற ஊதாக் கதிரைத் தடுப்பவைதான். ஆனால் அவை விழித்திரையைக் காக்குமே தவிர, முன்னால் இருக்கும் கருவிழியைக் காக்காது. எனவே அப்பத்தாவுக்கும் கண்ணாடி வேண்டும். ஆபரேஷன் ஆனபோது கொடுத்த பச்சையோ கறுப்போ உள்ள பிளாஸ்டிக் கண்ணாடியையே எடுத்துப்போகிறார்கள். அதைப் பனிக்கு நம்பாதீர்கள், புதிதாக ஒன்று வாங்குங்கள்.

முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மூச்சு, இதயம், ரத்த அழுத்தம் பற்றிப் பொது மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். கண்ணைக் காட்ட நமக்கு அலைச்சல் இல்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் மதுரைக்குக் கண் காட்ட வருகிறார்கள். உள்ளூரில் இருக்கும் நாம் பயணத்துக்கு முன் ஒரு காலைப்பொழுது ஒதுக்கக் கூடாதா?

விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் கேஸ் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் டிக்கெட் எடுத்தாயிற்று. என்ன செய்வது?

டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். இது கண் கூச்சம் பற்றிய கேள்வியல்ல. பார்வையே போகக்கூடிய விஷயம் என்பதால் சேர்த்திருக்கிறேன்.

விழித்திரை விலகினால் அதை ஒட்டவைக்கச் சில ஆபரேஷன்களில் கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைப்பார்கள். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகலாம். உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளே இருக்கும் வாயு விரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டமே தடைபடலாம். விமானப் பயணம் கூடாது. இமயமலை மட்டும் இல்லை, நம் கொடைக்கானலும் கூடாது. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறினால் 2,100 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். மூணாறும் கூடாது. 'பஸ்ஸில்தானே போகிறோம், விமானம் இல்லையே' என்று நினைத்துவிடுகிறார்கள். வாயு முழுவதும் கரைந்துவிட்டது என்று உங்கள் மருத்துவர் கண்ணைப் பார்த்துச் சொல்லும் வரை சமவெளியிலேயே இருங்கள்.

ராத்திரி விடுதியில் கண் எரியத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் மருத்துவர் இல்லை. உடனே என்ன செய்யலாம்?

கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முதலில் அதைக் கழற்றுங்கள். அறையை இருட்டாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து இமைமேல் வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். மருந்து கலவாத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு இருந்தால் அடிக்கடி விடலாம். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம். எவ்வளவு அரித்தாலும் கசக்காதீர்கள். ஏற்கெனவே உரிந்த மேல்தோலை நாமே மேலும் உரித்துவிடுவோம்.

பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் கருவிழியின் மேல்தோல் தானாக வளர்ந்து மூடிவிடும். அந்த நாட்களில் திரும்பவும் பனிக்குப் போகக் கூடாது. மற்றவர்கள் அமர்நாத் ஏறினாலும் நீங்கள் கீழே முகாமில் இருக்க வேண்டியதுதான். வலி கூடிக்கொண்டே போனால், சீழ் வந்தால், இரண்டாம் நாளிலும் பார்வை தெளியாவிட்டால், யாத்திரைப் பாதையில் இருக்கும் மருத்துவ முகாமையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ உடனே அணுகுங்கள்.

தாய்ப்பால் விடலாம், நந்தியாவட்டைச் சாறு விடலாம் என்கிறார்களே?

எதையும் விடாதீர்கள். தாய்ப்பாலும் நந்தியாவட்டையும் விளக்கெண்ணெயும் நம் கிராமங்களில் அன்போடு சொல்லப்படும் மருந்துகள். சொல்லும் பாட்டிமாரின் அக்கறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோயில் கருவிழியின் மேல்தோல் இல்லை. கிருமியைத் தடுக்கும் சுவர் இடிந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் கொதிக்கவைக்காத, வடிகட்டாத எது உள்ளே போனாலும் புண் வைத்துத் தழும்பாகிவிடலாம். இரண்டு நாளில் ஆறியிருக்க வேண்டிய நோய் ஆயுள் முழுக்கப் பார்வையைக் கெடுத்துவிடும்.

இதே கண்டிப்பு மருந்துக்கடைச் சொட்டுகளுக்கும் உண்டு. ஸ்டீராய்டு கலந்த சொட்டு, மரத்துப்போக வைக்கும் சொட்டு இரண்டையும் நீங்களாக வாங்கி விடக் கூடாது. மரப்புச் சொட்டு விட்டதும் வலி மாயமாக மறையும், அதனால் திரும்பத் திரும்ப விடத் தோன்றும். அது மேல்தோல் வளர்வதையே தடுத்துவிடும்.

வழியில் கண்ணாடி தொலைந்துவிட்டால்?

வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழி கண்டார்கள். எலும்பிலும் மரத்திலும் தந்தத்திலும் கண் மறைப்பு செதுக்கி, நடுவே மெல்லிய கீறல் மட்டும் விட்டு, அதன் வழியாகப் பார்த்துப் பனியில் வேட்டையாடினார்கள். லென்ஸே கிடையாது, உள்ளே வரும் ஒளியின் அளவைக் கீறல் குறைத்துவிடுகிறது.

நீங்களும் செய்யலாம். பிஸ்கட் பாக்கெட்டின் அட்டையோ மாத்திரைப் பெட்டியின் அட்டையோ போதும். கண்ணை மூடும் அகலத்துக்கு வெட்டி, இரண்டு கண்ணுக்கும் நேராக நூலிழை அகலத்தில் கிடைமட்டமாகக் கீறி, நாடாவால் தலைக்குப் பின் கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்சி தெரியாது, ஆகவே ஒருவர் கையைப் பிடித்து மெதுவாக நடக்க வேண்டும். பனியை விட்டு வெளியே வருவதற்கு இது போதும். பனியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதற்கு அல்ல.

மூக்குவரை மப்ளர் சுற்றினால் கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. என்ன செய்வது?

மூச்சு மேல்நோக்கிப் போகாதபடி மப்ளரை மூக்குக்குக் கீழே இறக்குங்கள். காற்றுத் துளை உள்ள காகிள்ஸ் இந்தத் தொல்லையைக் குறைக்கும். ஆவி படிந்த கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைக்காதீர்கள். நெற்றி வியர்வையில் இன்னும் மோசமாகும். உள்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தால் ஆவி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும். மென்மையான கண்ணாடித் துணியால் ஒற்றி எடுங்கள்.

வண்டிக்குள் உட்கார்ந்தே பனியைப் பார்க்கிறோம். அப்போதும் வேண்டுமா?

முன்கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடியும் கருவிழியைச் சுடும் கதிரை ஓரளவு நன்றாகவே தடுக்கும், மற்ற வகையைக் கொஞ்சம் விடும். கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை நீட்டினால் எல்லாம் வீண். ஓட்டுநருக்குக் கூச்சம் பெரிய ஆபத்து என்பதால் அவர் கட்டாயம் போட வேண்டும், மூன்றாம் கேட்டகிரியைத் தாண்டாமல்.

கொடைக்கானல் உறைபனிக்கு இதெல்லாம் தேவையா?

தேவையில்லை. தை மாதக் காலையில் புல்வெளியில் படியும் உறைபனி வெயில் ஏறியதும் உருகிவிடும். வழக்கமான கூலிங் கிளாஸ் போதும்.

ஒரு முறை பனிக்குருடு வந்து ஆறிவிட்டது. பிற்காலத்தில் ஏதாவது வருமா?

ஒரு முறை வந்து முழுதாக ஆறினால் பெரும்பாலும் வடு இருக்காது. ஆண்டுக்கணக்கில் கதிர் படுவதுதான் மிச்சம் வைக்கும். வெள்ளை விழியிலிருந்து கருவிழிமேல் சதை வளர்தல், கண்புரை இரண்டுக்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். சதை வளர்தல் வெயிலில் உழைப்பவர்களிடம் அதிகம் காணப்படுவதும் அதனால்தான்.

இதைச் சொல்லும்போது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்தியில், கோடை முழுக்க, கீழிருந்து தெறிக்கும் ஒளியில் நிற்கிறார்கள். ஓரிரு நாள் பனி பார்க்கப் போகும் நமக்குக் கண்ணாடி வேண்டும் என்றால், நாள் தவறாமல் அங்கே நிற்கும் அவர்களுக்கு முதலில் வேண்டும். மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களிலும் வெல்டிங் பட்டறைகளிலும் ஆள் வைத்து வேலை வாங்குபவர்கள் கண் பாதுகாப்பைச் சம்பளத்தோடு சேர்ந்த கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண் வலிக்கவே இல்லை, ஆனால் மலைமேல் பார்வை மட்டும் மங்குகிறது. இதுவும் பனிக்குருடா?

இல்லை. வலியும் நீர் வடிதலும் இல்லாமல் பார்வை மங்கினால், ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் இருந்தால், மிக உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் விழித்திரையில் ரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கலாம். கூடவே கடும் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் இருந்தால் அது மூளையைத் தாக்கும் மலை நோய். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வழிகாட்டியை எழுப்புங்கள்.

போட்டோ எடுக்க ஒரு நிமிடம் கழற்றினால் பரவாயில்லையா?

ஒரு நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, எடுத்த உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பத்தில் எட்டுப் பேர், ஆளுக்கு நான்கு செல்போன் படம், பிறகு வீடியோ என்று நீண்டால் அந்த நிமிடங்கள் எல்லாம் சேர்ந்து கணக்கில் ஏறும். கண்ணாடியோடேயே எடுத்துக்கொள்ளுங்கள், முகம் தெரியும் படம் வேண்டுமென்றால் விடுதிக்குத் திரும்பியதும் அதன் வாசலில் எடுக்கலாம்.